எலுல் மாதத்தில் எந்த வழி? தவறின் வகையைப் பார்த்து தெஷுவா முறையைத் தேர்வது

யூதப் புத்தாண்டுக்கு முந்தைய மாதமான எலுல் பிறந்ததும் ஆஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களின்) ஜெப ஆலயங்களில் வார நாட்களில் காலை ஜெபம் முடிந்தவுடன் ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பை ஊதத் தொடங்குவார்கள். ஸ்பெயின் வழிவந்த செஃபார்தி சமூகங்களில் செலிகோத் எனப்படும் மன்னிப்பு வேண்டும் ஜெபங்கள் மாதம் முழுவதும் நடக்கும். முந்தைய மாதமான ஆவின் 30ஆம் நாளையும் சேர்த்து எண்ணினால், அங்கிருந்து பாவப் பரிகார நோன்பு நாளான யோம் கிப்பூர் வரை 40 நாள். அந்த நாட்களில் ஒவ்வொரு யூதரும் செய்ய வேண்டியது தெஷுவா: செய்த தவறை விட்டு இறைவனிடம் திரும்புவது. அதற்கு முன்வேலை ஹெஷ்போன் ஹநெஃபெஷ், அதாவது ஆன்மாவின் கணக்கைப் பார்ப்பது.

செய்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் மரபு பல வழிகளைத் தருகிறது. இடைக்காலச் சட்ட அறிஞர் ராம்பாமின் சட்ட ஒழுங்கு ஒன்று. மூசார் என்ற ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தார் கையாண்ட 13 வார அட்டவணை இன்னொன்று. பிரெஸ்லவ் ஹசிதிகள் என்ற பக்தி இயக்கத்தாரின் தனிமை ஜெபம், கலிலேயாவின் சஃபேத் நகரில் தோன்றிய மாதாந்தர நோன்பு, இடைக்கால ஜெர்மனியின் கடுந்தவம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலோர் தங்கள் சுபாவத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறார்கள்: எளிதில் கண் கலங்குகிறவர் தனிமை ஜெபத்தை, ஒழுங்கை விரும்புகிறவர் அட்டவணையை. இது தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க வேண்டியது செய்தவரின் சுபாவத்தை அல்ல, செய்த தவறின் வகையை. பணத்தைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில் அழுது ஜெபிப்பதும், நாவை அடக்கப் பழக வேண்டிய இடத்தில் ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டு நிறுத்திக்கொள்வதும் எலுலை வீணாக்கும்.

எல்லோருக்கும் பொதுவான அடித்தளம்

மோசே பென் மைமோன் என்ற ராம்பாம் (1138–1204) தமது சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் தெஷுவாவுக்கென்றே 10 அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. அவர் கேட்பவை நான்கு: தவறை விட்டுவிடுவது, நடந்ததற்கு வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, இவை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வது. கடைசியாகச் சொன்னதுதான் விதூய், பாவ அறிக்கை. அவர் தரும் வாசகம் மிகச் சிறியது. இறைவா, உமக்கு முன்பாகப் பாவம் செய்தேன், தவறினேன், மீறினேன் என்று தொடங்கி, இன்ன இன்னதைச் செய்தேன் என்று பெயர் சொல்லி, வருந்துகிறேன், வெட்கப்படுகிறேன், இனி இதற்குத் திரும்ப மாட்டேன் என்று முடியும்.

பெரும்பாலும் பழுதாவது நடுவில் உள்ள அந்த ‘இன்ன இன்னதை’ என்ற இடம். யோம் கிப்பூர் ஜெபப் புத்தகத்தில் எபிரேய அகரவரிசைப்படி அமைந்த ‘அஷம்னு’ இருக்கிறது. ஆஷ்கெனாசி வழக்கில் எழுத்துக்கு இரண்டாக 44 வரிகள் கொண்ட ‘அல் ஹேத்’ இருக்கிறது. இரண்டும் ‘நாங்கள்’ என்று பன்மையில் பேசுபவை. சமூகமாக நின்று சொல்வதற்கு அது சரி. ஆனால் 44 முறை மார்பில் தட்டிய பிறகும் தன்னுடைய ஒரு தவறுகூட மனதில் வராமல் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தவறைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமா என்பதில் பண்டைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே (யோமா என்ற பகுதி, 86ஆ) இரு கருத்து உண்டு. சொல்ல வேண்டும் என்பது ரபி யெஹூதா பென் பாபாவின் பக்கம், தேவையில்லை என்பது ரபி அகிவாவின் பக்கம். ராம்பாம் சொல்ல வேண்டும் என்கிறார். பிற்காலச் சட்ட நூலான ஷுல்ஹான் அரூக் கட்டாயமில்லை, விரும்பினால் சொல்லலாம் என்கிறது. நடைமுறையில் இதைத் தீர்ப்பது எளிது. யோம் கிப்பூருக்கு முன்பே அரைப் பக்கத்தில் தன் தவறுகளை எழுதி மனதில் வைத்துக்கொண்டு, அச்சிட்ட வரி வரும்போது அதற்குரியதைக் காதில் விழாத குரலில் சொல்லிக்கொள்ளலாம். இறைவனுக்கு எதிரான தவறுகளை ஊரறியச் சொல்லவும் தேவையில்லை. மனிதருக்குச் செய்த தவறை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதைத்தான் ராம்பாம் பாராட்டுகிறார்.

உறுதி இல்லாத அறிக்கையைப் பற்றி அவர் எடுத்தாளும் தல்மூது உவமை கூர்மையானது: தீட்டுண்டாக்கும் செத்த பிராணியைக் கையில் பிடித்துக்கொண்டே மிக்வே என்ற தூய்மைக் குளத்தில் முழுகுவது போன்றது அது. அதைக் கீழே போடாதவரை எத்தனை முழுக்குப் போட்டாலும் தூய்மை வராது. முழுமையான தெஷுவாவுக்கு அவர் வைக்கும் சோதனையும் தெளிவானது. அதே சூழ்நிலை, அதே ஆசை, அதே உடல் வலிமை இருந்தும் இம்முறை செய்யாமல் விலகினால் அது முழுமை. முதுமையால் இயலாமல் போன பிறகு விடுவதும் ஏற்கப்படும், ஆனால் அது இதற்கு இணையாகாது.

ஒருவருக்குச் செய்த தீங்கு என்றால்

இங்கே தேர்வுக்கே இடமில்லை. தியானமோ அட்டவணையோ நோன்போ எதுவும் இதற்கு மாற்றாகாது. யோம் கிப்பூர் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ளதற்கே பரிகாரம் ஆகும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ளதற்கு அவரைச் சமாதானப்படுத்தும்வரை ஆகாது என்று தல்மூதின் மூல நூலான மிஷ்னா (யோமா 8:9) தெளிவாகவே சொல்லிவிட்டது.

வரிசை முக்கியம். முதலில் பணம் அல்லது பொருள், பிறகு வார்த்தை. தர வேண்டியதைத் தராமல் மன்னிப்புக் கேட்பது கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பதாகிவிடும். தந்துவிட்டால் மட்டும் போதாது, பட்ட வருத்தத்துக்காகத் தனியே கேட்கவும் வேண்டும். முதல் முறை அவர் மன்னிக்கவில்லை என்றால் அவருடைய நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கும் இசையவில்லை என்றால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதன் பிறகும் மறுத்தால் விட்டுவிடலாம், இப்போது குற்றம் மறுத்தவர் மேல். தீங்கு பட்டவர் தன் ஆசிரியராக இருந்தால் இந்த வரம்பு கிடையாது, ஆயிரம் முறையானாலும் போக வேண்டும். கேட்கப்படுகிறவருக்கும் கடமை உண்டு. மனமாரக் கேட்பவரிடம் கல்நெஞ்சாக இருக்கக் கூடாது என்கிறார் ராம்பாம்.

தீங்கு பட்டவர் இறந்துவிட்டால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், இஸ்ரயேலின் கடவுளுக்கும் இவருக்கும் எதிராக இன்னதைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். வாரிசு யாரென்று தெரியாவிட்டால் தொகையை பேத் தீன் எனப்படும் சமய நீதிமன்றத்தில் வைத்துவிட்டு அறிக்கை சொல்ல வேண்டும்.

யாருக்குத் திருப்பித் தருவது என்றே தெரியாத இடங்கள் இன்னும் சிக்கலானவை. எடையிலும் அளவிலும் பல பேரை ஏமாற்றிய வியாபாரி எவரைத் தேடிப் போவார்? அளவுக்கு மேல் வரி பிடுங்கியவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? இப்படிப்பட்டவர்கள் அடையாளம் தெரிந்தவர்களுக்கெல்லாம் நேரில் தந்துவிட்டு, மீதிக்குப் பொதுமக்களுக்குத் தேவையானதைச் செய்ய வேண்டும் என்கிறது தல்மூது. அது தரும் எடுத்துக்காட்டு கிணறு, பள்ளம், நீர்த்தொட்டி வெட்டுவது. காரணம், ஏமாற்றப்பட்டவர்கள் அந்தத் தண்ணீரை ஒரு நாள் குடிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. இன்றும் இதே தர்க்கம் செல்லும்: எந்த வட்டாரத்தாரிடம் எடுத்தாரோ அந்த வட்டாரத்தார் பயன்படுத்தும் ஒன்றுக்கு அந்தத் தொகை போக வேண்டும். தொலைவிலுள்ள ஏதோ அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று சொல்லக் கூடாது.

திரும்பி வர நினைப்பவரைச் சட்டமே விரட்டிவிடக் கூடாது என்ற கவலையும் இந்த மரபில் ஆழமாக ஓடுகிறது. திருடிய மர உத்திரத்தை வைத்து ஒருவர் வீடு கட்டிவிட்டார். உத்திரத்தையே திருப்பித் தர வேண்டுமானால் வீட்டை இடிக்க வேண்டும். பண்டைய அறிஞர் ஷம்மாயின் பள்ளி இடிக்கச் சொன்னது. ஹில்லேலின் பள்ளி விலையைத் தந்தால் போதும் என்றது. இடித்தாக வேண்டும் என்றால் எவருமே ஒப்புக்கொள்ள முன்வர மாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம், அதுவே சட்டமாக நிலைத்தது.

மன்னிப்புக் கேட்கப் போகும் விதத்திலும் பிழை நேரும். யோமா 87ஆம் தாளில் அடுத்தடுத்து வரும் இரு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ரபி ஸேராவுக்கு எவர் மீதாவது மனத்தாங்கல் இருந்தால், அந்த ஆள் வந்து சமாதானம் பேச வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று அவர் கண்ணில் படும்படி அந்தப் பக்கமாகப் போய்வருவார். ராவ் என்ற பேராசிரியருக்கோ ஒரு இறைச்சிக்காரரோடு பிணக்கு. யோம் கிப்பூருக்கு முந்தின நாள்வரை அவர் வராததால், நானே போய் அவரைச் சமாதானப்படுத்துகிறேன் என்று ராவ் கிளம்பிவிட்டார். வழியில் பார்த்த மாணவர் ராவ் ஹூனா, ஆசிரியர் ஓர் ஆளைக் கொல்லப் போகிறார் என்றார். இறைச்சிக்காரர் உட்கார்ந்து ஒரு தலையை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், நீயா, போ, உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்றார். வெட்டு விழுந்தபோது ஓர் எலும்பு தெறித்துத் தொண்டையில் பாய்ந்தது, இறந்துபோனார். இருவருடைய எண்ணமும் நல்லதுதான். ஆனால் முதலாமவர் மற்றவருக்கு இடம் விட்டார். இரண்டாமவர் கடைசி நாளில், அவர் வேலையில் இருக்கும்போது, தப்ப வழியில்லாமல் முன்னால் போய் நின்றார். ஒருவரைத் தேடிப் போகும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மறுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க அவருக்கு வசதி இருக்கிறதா?

யோம் கிப்பூருக்கு முந்தின நாள், ‘தெரிந்தோ தெரியாமலோ ஏதேனும் செய்திருந்தால் மன்னியுங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது பரவிவிட்டது. எதுவும் நடக்காதவர்களுக்கு அது வாழ்த்து. உண்மையிலேயே காயப்பட்டவருக்கு அது இன்னொரு காயம். என்ன செய்தேன் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும், சொல்வதால் அவர் கூடுதலாக வெட்கப்படுவார் என்றால் மட்டும் பொதுவாகக் கேட்கலாம் என்பது பிற்காலச் சட்ட ஆசிரியர்களின் வழி.

புறங்கூறியது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது என்றால்? இங்கே பெரியவர்கள் பிரிகிறார்கள். சொல்லி மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்பது புறங்கூறுதலைப் பற்றிச் சட்ட நூல் எழுதிய ஹாஃபெத்ஸ் ஹாயிமின் நிலை. தெரியாமல் நிம்மதியாக இருப்பவரிடம் போய்ச் சொல்லி நோகடிக்க உனக்கு உரிமை இல்லை என்பது மூசார் இயக்கத்தைத் தொடங்கிய இஸ்ரயேல் சலாந்தரின் பெயரால் வழங்கும் மாற்றுக் கருத்து. நடைமுறைக்கு நான் பார்க்கும் அளவுகோல் இது: பேச்சால் அவருக்கு வேலையோ திருமணமோ கைநழுவும் அளவுக்கு ஏதேனும் நடந்திருந்தால், அல்லது இனி நடக்கும் என்றால், முதலில் கேட்டவர்களிடம் போய்த் திருத்த வேண்டும், பிறகு அவரிடம் சொல்ல வேண்டும். பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது என்றால் சலாந்தர் பக்கம் நிற்பதே மேல்.

திரும்பத் திரும்ப வரும் குணம் என்றால்

ராம்பாமே 7ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார்: திருட்டு போன்ற செயல்களுக்கு மட்டும்தான் தெஷுவா என்று எண்ணாதே, கோபம், பகை, பொறாமை, கேலி, பணத்தையும் புகழையும் துரத்துவது ஆகியவற்றிலிருந்தும் திரும்ப வேண்டும், அவை செயல்களைவிடக் கடினமானவை. ஒரு மன்னிப்பு, ஓர் அறிக்கை என்ற அமைப்பு இங்கே போதவில்லை. ஆண்டுதோறும் அதே வரியில் அதே தவறை அறிக்கையிடுகிறவர்களுக்கு வேண்டியது பயிற்சி.

இதற்கென்றே ஒரு கருவியைச் செய்தவர் சத்தனோவைச் சேர்ந்த மெனாகெம் மெண்டெல் லெஃபின் (1749–1826). அவருடைய ‘ஹெஷ்போன் ஹநெஃபெஷ்’ 1808இல் லெம்பெர்க் நகரில் வந்தது. முறையின் எலும்புக்கூடு அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. ஒரு யூத ஆசிரியர் அதைத் துணிந்து எடுத்துத் தம் மரபுக்குள் கொண்டுவந்ததும், பிற்பாடு சலாந்தரின் வட்டமே அதை வில்னாவில் மறுபதிப்புச் செய்யத் தூண்டியதும் கவனிக்கத் தக்கவை. நல்ல கருவியை எங்கிருந்து வந்தது என்று பார்த்து அவர்கள் ஒதுக்கவில்லை.

முறை இது. பதின்மூன்று குணங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லெஃபினின் பட்டியல் மன அமைதியில் தொடங்கி, பொறுமை, ஒழுங்கு, பணிவு, நீதி, சிக்கனம், மௌனம், உண்மை என்று போகும். தன் பலவீனத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு தாளில் குறுக்கே ஏழு நாட்கள், கீழ்நோக்கிக் குணங்கள். வாரத்துக்கு ஒரு குணம் முதன்மை. காலையில் அந்தக் குணத்துக்கான ஒரு சிறு வாக்கியத்தைப் படித்துவிட்டு நாளைத் தொடங்க வேண்டும். இரவில் கட்டத்தில் சறுக்கல் ஒன்றுக்கு ஒரு புள்ளி. வார முடிவில் கூட்டல். 13 வாரத்தில் ஒரு சுற்று, 52 வாரத்தில் நான்கு சுற்று. அதாவது ஒவ்வொரு குணத்துக்கும் ஆண்டுக்கு நான்கு முழு வாரங்கள் கிடைக்கின்றன.

ஒரு கட்டத்தை நெருங்கிப் பார்க்கலாம். மௌனத்துக்கான வாரம், செவ்வாய்க்கிழமை, மூன்று புள்ளி. ‘மௌனம் காக்கவில்லை’ என்று மட்டும் குறித்தால் அந்த மூன்றும் எதையும் சொல்லாது. மூசார் முறையில் தேர்ந்தவர்கள் குணத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக முதலிலேயே உடைத்துக்கொள்வார்கள். ஒருவர் பேசி முடிக்குமுன் குறுக்கே பேசியது ஒரு புள்ளி. அங்கே இல்லாதவரின் குறையைச் சொன்னது ஒரு புள்ளி. கேட்காத அறிவுரை சொன்னது ஒரு புள்ளி. இப்படி வைத்தால் வார முடிவில் எந்த நேரத்தில், எவர் முன்னால் நாக்கு நழுவுகிறது என்பது தெரிந்துவிடும். செவ்வாய் மாலைக் கூட்டத்துக்குப் பிறகுதான் மூன்று புள்ளியும் என்றால், திருத்த வேண்டிய இடம் அந்தக் கூட்டத்துக்குப் பிந்தைய அரை மணி நேரம்.

பழுதாகும் இடங்களும் உண்டு. ஓய்வு நாளான சப்பாத்தில் எழுதக் கூடாது, ஆகவே வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையிலான கட்டத்தை சப்பாத்தை முடித்துவைக்கும் ஹவ்தாலாச் சடங்குக்குப் பிறகுதான் நிரப்ப முடியும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் நினைவு தன்னை நல்லவனாக்கிக்கொள்ளும், எனவே சனி இரவையே உறுதியான நேரமாக வைப்பது நல்லது. முதல் சுற்றில் புள்ளிகள் கூடும். அது வீழ்ச்சியல்ல, பார்வை கூர்மையானதன் விளைவு. இது தெரியாமல் மூன்றாம் வாரத்திலேயே தாளைக் கிழிப்பவர்கள் அதிகம். 13 குணங்களையும் ஒரே வாரத்தில் திருத்த முயல்வதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். குணம் எப்படி மாறுகிறது என்பதற்கு ராம்பாம் அவோத் என்ற அறநூலுக்கு எழுதிய உரையில் தந்த கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: ஆயிரம் பொற்காசை ஒரே ஆளுக்கு ஒரே தடவை தருபவரைவிட, ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவை தருபவருக்கே ஈகைக் குணம் படியும்.

மூசாரின் உள்ளேயே வேறு பாதைகள் உண்டு. சலாந்தர் (1810–1883) அறநூலை வெறுமே படிக்காமல் உரத்த, உருக்கமான இராகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கெல்ம் பள்ளியின் சிம்ஹா ஸீசல் சிறுசிறு காரியங்களில் ஒழுங்கைக் கேட்டார். நொவார்டோக் பள்ளி மாணவர்கள் தற்பெருமையை உடைக்க மருந்துக் கடையில் போய் ஆணி கேட்பார்கள் என்று சொல்வதுண்டு. குழுவாக வாழும் யெஷிவா என்ற சமயக் கல்லூரியில், ஆசிரியரின் கண் முன்னால் அது மருந்தாக இருந்திருக்கலாம். தனி ஆள் வீட்டிலிருந்து இதைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனம் இறுகிப் போயிருந்தால்

தவறு தெரிகிறது, கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் வருத்தமே வரவில்லை. ராம்பாமின் நான்கில் இரண்டாவது இல்லாமல் மற்ற மூன்றும் நிற்கின்றன. இதற்கு அட்டவணை உதவாது, இன்னும் காய்ந்துபோகவே செய்யும். பிரெஸ்லவின் ரபி நாஹ்மான் (1772–1810) கற்றுத்தந்த ஹித்போதெதூத், அதாவது தனிமை ஜெபம், இங்கேதான் பொருந்துகிறது.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், தனி அறையிலோ ஊருக்கு வெளியேயோ. இரவும் ஆளரவமற்ற வழியும் அவர் விரும்பியவை. ஜெபப் புத்தகம் வேண்டாம். எபிரேயத்திலும் வேண்டாம்; தாய்மொழியில் பேச வேண்டும் என்பது அவருடைய தெளிவான கட்டளை, அன்று அவர் ஆட்களுக்கு அது இத்திஷ். நெருங்கிய நண்பரிடம் சொல்வதைப் போல, கடன் தொல்லை, மனைவியோடு சண்டை, ஜெபத்தில் மனம் நிற்காதது எல்லாவற்றையும் இறைவனிடம் சொல்ல வேண்டும். வாயே திறக்கவில்லை என்றால், பேச வரவில்லை என்பதையே சொல்லலாம். ‘ரிபோனோ ஷெல் ஓலாம்’ (உலகின் ஆண்டவரே) என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாலும் போதும்.

தொடங்கும்போது ஒரு மணி நேரம் என்பது பெரும்பாலோரைத் துரத்திவிடும். பத்து நிமிடத்தில் தொடங்கி நேரத்தை நீட்டுவது நடக்கக்கூடியது. பெரிய ஆபத்து வேறு: பேசி அழுத நிம்மதியையே மாற்றம் என்று எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு நாளும் முடிவில் நாளைக்குச் செய்யப்போகும் ஒரு செயலை வாய்விட்டுச் சொல்லி எழுந்தால் இந்த ஆபத்து குறையும். மற்றொன்று, பேச்சு முழுக்கத் தன்னை இகழ்வதாகிவிடுவது. நாஹ்மானே இதற்கு மருந்து வைத்திருக்கிறார்: தன்னிடம் உள்ள ஒரு நல்ல புள்ளியையாவது தேடிக் கண்டுபிடி, அதிலிருந்து அடுத்ததற்குப் போ என்பது அவருடைய புகழ்பெற்ற பாடம். சோர்ந்த மனம் திருந்தாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரவுக் கணக்கு, மாதக் கணக்கு

படுக்கப் போகுமுன் ஷெமா என்ற விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது பழைய வழக்கம். அன்று தன்னைப் புண்படுத்தியவர்களை மன்னிக்கிறேன் என்ற வாசகமும் அந்த ஜெபத்தோடு பல புத்தகங்களில் சேர்ந்து வரும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், எந்த வழியோடும் இணையும். யோம் கிப்பூர் காதான், அதாவது சிறிய யோம் கிப்பூர், 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் மோசே கோர்தோவெரோவின் வட்டத்தில் தோன்றியது. மாதப் பிறப்புக்கு முந்தின நாள் நோன்பும் செலிகோத்தும். அந்த நாள் வெள்ளியிலோ சப்பாத்திலோ விழுந்தால் வியாழனுக்கு முன்கூட்டியே தள்ளுவார்கள். நோன்பு இயலாதவர்கள் அன்றைய பிற்பகல் ஜெபமான மின்ஹாவோடு மாதக் கணக்கை மட்டும் பார்க்கலாம். சிறு சிறு மனத்தாங்கல்கள் 12 மாதம் தேங்கிக் கடினப்படாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எலுலில் செய்ய இதன் சுருக்கம் ஹபாத் என்ற ஹசிதி இயக்கத்தின் வழக்கில் உண்டு: எலுல் 18 முதல் 29 வரையிலான 12 நாட்களில், நாளுக்கு ஒரு மாதம் வீதம் கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது. நாட்குறிப்பும் வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் மறந்துபோன பாக்கிகள் இதில்தான் அகப்படும்.

கடுந்தவத்தைப் பற்றி

வோர்ம்ஸ் நகரின் எலெயாசர் (13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இறந்தவர்) நான்கு வகைத் தெஷுவாவை வகுத்தார். அதே சந்தர்ப்பம் மீண்டும் வரும்போது விலகுவது, தவறுக்கு இட்டுச் செல்வதையே விலக்கி வேலி போடுவது, பெற்ற இன்பத்தின் எடைக்குச் சமமாகத் துன்பத்தை ஏற்பது, மோசேயின் சட்டமான தோராவில் எழுதியுள்ள தண்டனைக்கு ஒப்பானதை ஏற்பது. பனியில் உட்காருவதும் நீண்ட நோன்புகளும் கடைசி இரண்டிலிருந்து வந்தவை.

முதல் இரண்டை இன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதிலும் வேலி போடுவது மிகப் பயனுள்ளது. கடைசி இரண்டை விட்டுவிட வேண்டும் என்பதற்கு மரபுக்குள்ளேயே வலுவான குரல்கள் இருக்கின்றன. நோன்பிருப்பவன் பாவி என்று தல்மூதில் ஷெமுவேல் சொல்கிறார். பிராகாவின் எகேஸ்கேல் லந்தாவ் (1713–1793), நோன்பு துணைதான், மையம் தவறை விடுவதும் அறிக்கையும் வருத்தமும்தான் என்று விளக்கினார். லியாதியின் ஷ்னெயூர் சல்மான் (1745–1812), தோராவின் கட்டளை தவறை விடுவது மட்டுமே, உடல்நலம் கெடும் என்றால் நோன்புகளைத் தருமமாக மாற்றிக் கொடு என்று வழி காட்டினார். உடலை வருத்துவது ‘கொடுத்துத் தீர்த்தாயிற்று’ என்ற உணர்வைத் தருகிறது. பாக்கியைப் பெற வேண்டியவருக்கோ அதனால் ஒரு காசும் போய்ச் சேரவில்லை.

சேர்த்துப் பயன்படுத்தும் விதம்

ஒருவரிடம் மூன்று வகையும் இருக்கும். அப்படியானால் வரிசை இது. எலுலின் முதல் இரண்டு வாரம் பணத்துக்கும் நேரில் கேட்கும் மன்னிப்புக்கும், ஏனென்றால் மூன்று முறை போக வேண்டி வந்தால் இடைவெளி வேண்டும். அடுத்து 12 நாள் மாதவாரிக் கணக்கு. கணக்கில் வருத்தம் எழாத இடங்களுக்குத் தனிமை ஜெபம். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவிலிருந்து யோம் கிப்பூர் வரையிலான பத்து நாளில் புதிதாக எதையும் தொடங்காமல், விடுபட்டவர்களைப் பார்க்கலாம். முதல் விதூய் யோம் கிப்பூருக்கு முந்தின நாள் மின்ஹாவில், நோன்புக்கு முந்தைய கடைசி உணவுக்கு முன்பே சொல்லப்படுகிறது. ஆகவே மனிதரிடம் முடிக்க வேண்டியதற்கு உண்மையான கெடு அந்த மதியம்.

கணக்குப் பார்க்கும் நேரத்துக்கும் வரம்பு வேண்டும். ஷ்னெயூர் சல்மான் தம் நூலான தான்யாவில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: இதற்கென்று ஒதுக்கிய வேளையில் மனம் கசந்து நினை, ஜெபத்திலோ வேலையிலோ பாவங்களைப் பற்றிய துக்கம் வந்தால் அதைத் தள்ளிவிடு. ஓயாத ஐயத்தால் ஒரே தவறை நூறு முறை அறிக்கையிடுகிறவருக்கு, மன்னிப்புக் கேட்ட பிறகும் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறவருக்கு, அட்டவணையும் இரவுக் கணக்கும் நஞ்சாகும். அவர் முதலில் தன் ரபியிடமும் மருத்துவரிடமும் போக வேண்டும்.

13 வார அட்டவணையை எலுலில் தொடங்குவது காலம் தாழ்ந்த வேலை. ஒரு சுற்று 91 நாள். ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின நாளோடு சுற்று நிறைவாக வேண்டுமானால் சீவான் மாதம் 28இல் தொடங்க வேண்டும், அதாவது ஷவுவோத் பண்டிகை முடிந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில். அதைத் தவறவிட்டவர்கள் எலுலில் ஒரே ஒரு குணத்தை மட்டும் எடுத்து, அதற்கு மூன்று புலப்படும் செயல்களை எழுதிப் புள்ளி வைத்துப் பழகிவிட்டு, முழு அட்டவணையை சுக்கோத் பண்டிகை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம்.